ஊருக்கு ஒரு பச்சைச் சட்டை

விடிந்தும் விடியாத நேரத்தில் பாலசமுத்திரம் பக்கத்து ஏரிக்கரைகளில் மூன்று ரக ஆட்களைப் பார்க்கலாம். சொம்போடு வந்தவர், மாட்டோடு வந்தவர், கழுத்தில் தொலைநோக்கியோடு வந்தவன். முதல் இருவரையும் யாரும் எதுவும் கேட்பதில்லை. மூன்றாமவனை மட்டும் கரையேறுகிற ஒவ்வொருவரும் நிறுத்தி விசாரிப்பார்கள். சித்தூர் மாவட்டத்தின் எல்லைப்புறம் இது; தாண்டினால் பள்ளிப்பட்டு, தமிழ்நாடு. ஆகையால் விசாரணையும் இரண்டு மொழியில் நடக்கும்.

"இன்னா தம்பி, ஏதாச்சும் தொலைச்சிட்டியா?"

"இல்ல மாமா, பறவை பாக்கறேன்."

"ஏம் பாபு, ஏமி வெதுகுதுன்னாவு?"

"பிட்டலு சூஸ்துன்னா, அன்னா."

கேட்டவர்கள் இருவரும் தலையைத் தடவிக்கொண்டு ஒரே மாதிரி நினைப்பார்கள்: பாவம், படிச்ச பையன்.

இவன்தான் நம் கதாநாயகன். வீட்டில் வைத்த பெயர் எதுவாகவும் இருக்கட்டும், ஊர் வைத்த பெயர் 'பச்சைச் சட்டை'. வயது பதினெட்டுக்கு மேல், இருபத்தைந்துக்குள். சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு கல்லூரியில் படிக்கிறான். அல்லது படித்து முடித்துவிட்டு ஆஃபர் லெட்டருக்காகக் காத்திருக்கிறான். சட்டையின் நெஞ்சில் ஓர் இலை. முதுகில் பூமியைக் காப்பாற்றச் சொல்லி மூன்று மொழிகளில் வேண்டுகோள், மூன்றிலும் தலா ஓர் எழுத்துப்பிழை. துணி சுத்தமான பாலியெஸ்டர், அதாவது பிளாஸ்டிக். அதைப் போட்டுக்கொண்டுதான் ஏரியில் பிளாஸ்டிக் பொறுக்க வருகிறான். இதை அவனிடம் சொல்லிவிடாதீர்கள். பருத்திச் சட்டைக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அதற்குள் உங்கள் பஸ் போய்விடும்.

பச்சைச் சட்டை பிறப்பது வாட்ஸ்அப் குழுவில். 'ஞாயிறு காலை ஆறு மணி, ஏரி சுத்தம், அனைவரும் வருக' என்று ஒரு செய்தி விழுந்தால் போதும், கட்டைவிரல்கள் வரிசையாக உயரும். துபாயில் இருக்கும் பெரியப்பா மகன்கூடக் கட்டைவிரல் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த விரல்களில் ஏழெட்டுக்கு மட்டும்தான் உடம்பு இருக்கும். அதிலும் ஒருவன் பேனர் பிடிக்க, ஒருவன் படம் எடுக்க, ஒருவன் டீ வாங்கிவரப் போய்விட்டால், ஏரிக்கு மிஞ்சுகிறவர்கள் நாலு பேர்.

பேனரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பிளெக்ஸ். சுத்தம் செய்யும் வேலை முடிந்தபின் அதை எங்கே போடுவது என்பது இயக்கத்தின் தீராத பிரச்சினை. பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு வைக்கோல்போரின் மேல் ஏறிவிடும். அதற்கப்புறம் மூன்று மழைக்காலம் வரை அந்த வைக்கோல்போர் 'நீர்நிலைகளைக் காப்போம்' என்று தெருவுக்கு அறிவித்தபடி நிற்கும்.

மிஞ்சிய நாலு பேர் குனிந்து பொறுக்குவதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். குவார்ட்டர் பாட்டில், தண்ணீர் பாக்கெட், ஒற்றைச் செருப்பு, சாமிக்குச் சாத்திய மாலையின் நார், கல்யாண வீட்டுத் தெர்மோகோல் தட்டு. இவையெல்லாம் சுலபம். பாட்டிலைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொள்வார். உயிரை எடுப்பது ஷாம்பு சாஷேயும் பான்பராக் பாக்கெட்டும்தான். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சரக்கு அது. பிரிக்க முடியாது, உருக்கினால் உருப்படாது, எந்த வியாபாரியும் கையால் தொடமாட்டார். அதிலும் பாக்கெட்டைக் கிழித்த அந்தச் சின்ன மூலைத் துண்டு இருக்கிறதே, நகத்தால் நோண்டித்தான் சேற்றிலிருந்து எடுக்க வேண்டும். அரை மணி நேரம் நோண்டி ஒரு கைப்பிடி சேர்த்து நிமிர்ந்தால், கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் சித்தப்பா புதுப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, மூலையைத் துப்பிவிட்டுக் கேட்பார்: "இன்னாடா, கவர்மென்ட்ல சம்பளம் தர்றாங்களா?"

தை மாதம் பச்சைச் சட்டைக்கு வேறு அவதாரம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்துகிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு எல்லைக்கு இந்தப் பக்கமும் தொற்றிக்கொண்டது. விதி எளிது: ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, கைபேசியில் இ-பேர்டு செயலியில் ஏற்ற வேண்டும். சொல்வதற்குத்தான் எளிது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வேலியிலிருந்து புளியமரத்துக்கும், புளியமரத்திலிருந்து வேலிக்கும் மாறிக்கொண்டே இருக்கும். ஏழு என்று எழுதினால் எட்டாவது ஒன்று கத்தும். அடித்து எட்டு என்று எழுதினால் மொத்தமும் பறந்துவிடும்.

ஒரு நாள் மின்கம்பியில் நீலமும் பழுப்புமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. நம்மவன் தொலைநோக்கியைத் திருகி, செயலியைத் தட்டி, புத்தகத்தைப் புரட்டி, கடைசியில் 'பனங்காடை' என்று பரவசமாக அறிவித்தான். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா கண்ணைச் சுருக்கக்கூட இல்லை.

"பாலபிட்டரா அது. தசராவுக்குப் பாத்தா நல்லது. இப்ப பாத்து இன்னா புண்ணியம்?"

"தாத்தா, இது எங்க கூடு கட்டும்?"

"மொட்டைப் பனையில பொந்து இருந்தா அதுல. நீதான் போன வருசம் பொங்கலுக்கு மொட்டைப் பனையெல்லாம் பார்க்க அசிங்கமா கீதுன்னு வெட்டச் சொன்னியே."

பச்சைச் சட்டை அதையும் குறித்துக்கொண்டான். அவனிடம் பிடித்த குணமே இதுதான். திட்டினாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான்.

ஆந்திராவில் மாநிலப் பறவை என்று பனங்காடைக்கு இருந்த சர்க்கார் மரியாதை இப்போது போய்விட்டது. 2018-இல் ஆந்திரா ராமச்சிலுகையை, அதாவது நம் பச்சைக்கிளியை, மாநிலப் பறவையாக அறிவித்தது. சித்தூர் ஜில்லாவில் இந்தச் செய்தியைக் கேட்டு மகிழ்ந்த மாந்தோப்புக்காரர் ஒருவராவது இருப்பாரா என்பது சந்தேகம். கூழ் ஆலைக்குப் போக வேண்டிய கிளிமூக்கு மாங்காயில் பாதியைக் கிளியே மூக்கால் குத்தி வைக்கிறது. தோப்பு மாமா ஒருவர் பச்சைச் சட்டையைக் கண்டாலே சைக்கிளை நிறுத்திச் சண்டைக்கு வருவார். "உன் சொந்தக்காரன் நேத்து வந்துட்டுப் போனான்டா. மரத்துக்கு நாப்பது காய் காலி. யார்கிட்ட பில்லு குடுக்கறது? உன்கிட்டயா, சந்திரபாபுகிட்டயா?" அதற்குப் பச்சைச் சட்டை வலை, பட்டாசு, ஒளிர்நாடா என்று வழிகள் சொல்வான். மாமா கேட்க மாட்டார். அவருக்கு வேண்டியது வழி அல்ல. திட்டுவதற்கு ஓர் ஆள்.

ஆடி பிறந்தால் விதைப்பந்து. பள்ளிக்கூடத்துத் திண்ணையில் செம்மண்ணும் சாணமும் வேப்பங்கொட்டையும் பிசைந்து உருட்டுவார்கள். ஜப்பான்காரர் மசானோபு ஃபுகுவோகா பறவைகள் தின்றுவிடாமலிருக்க விதையைக் களிமண்ணில் பொதிந்து வயலில் வீசினார் என்று ஒருவன் உரை நிகழ்த்துவான். பிறகு பைக்கில் கிளம்பி, கண்ணுக்கு 'காலியாக' தெரிகிற கரட்டிலெல்லாம் எறிந்துவிட்டு வருவார்கள். எறிகிற காட்சி கைபேசியில் மிக அழகாக வரும். முளைக்கிற காட்சியை இதுவரை யாரும் பதிவேற்றியதில்லை. பாதியை வெயில் வறுத்துவிடும், மீதி முளைத்தால் தாத்தாவின் ஆடு பார்த்துக்கொள்ளும்.

ஆடு தின்றது ஒரு வகையில் நல்லதே. முள்ளும் கல்லுமாகக் கிடக்கிற கரட்டைக் காலி இடம் என்று நினைப்பதுதான் பச்சைச் சட்டைக்கு ஆரம்பத்தில் வருகிற நோய். இதே ராயலசீமையில், கடப்பா பக்கத்து முட்புதரில் ஒரு பறவை இருந்தது. 1848-இல் அறிவியல் ஏட்டில் ஏறியது. 1900-க்குப் பிறகு எந்த ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று எழுதிவிட்டார்கள். ஜெர்டான் கல்குருவி என்று ஏட்டில் பெயர், கலிவிக்கோடி என்று ஊரில் பெயர். 1986-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் படத்தைக் காட்டித் தேடிக்கொண்டிருந்தபோது, ராத்திரி டார்ச் விளக்கோடு போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவர் ஐதண்ணா என்கிற உள்ளூர்க்காரர். மரம் அடர்ந்தால் அந்தப் பறவைக்கு அங்கே வேலையில்லை. அதற்கு வேண்டியது நடுநடுவே வெட்டவெளி விட்ட முட்புதர்தான். இந்தக் கதையைப் படித்த அன்று பச்சைச் சட்டை விதைப்பந்துச் சாக்கைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப் போனான். அவன் அம்மா அதைத் தென்னைக்கு எருவாகப் போட்டார். இயக்க வரலாற்றில் முழுதாகப் பயன்பட்ட விதைப்பந்துகள் அவைதான்.

இரண்டாம் வருஷம் அவனுக்குச் சட்டம் பிடிக்கும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அட்டவணையோடு மனப்பாடம் செய்துவிடுவான். சொந்தக்காரர் வீட்டு விருந்தில் யாராவது "அந்தக் காலத்துல உடும்புக்கறின்னா…" என்று ஆரம்பித்தால், "உடும்பு முதல் அட்டவணை மாமா, மூணு வருஷத்துலேர்ந்து ஏழு வருஷம் உள்ளே" என்று சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்வான். அடுத்த விருந்துக்கு அவனுக்கு அழைப்பு வராது. ஆனால் உடும்புக்கறிப் பேச்சும் வராது.

அதே மாமா ராத்திரி பதினோரு மணிக்குப் போன் பண்ணுவார். "டேய், மோட்டார் ரூம்ல நல்ல பாம்புடா, சீக்கிரம் வா." போய்ப் பார்த்தால் எலி பிடிக்க வந்த சாரை. பச்சைச் சட்டை பாம்பைத் தொடுவதில்லை. பயிற்சி உள்ளவரைக் கூப்பிட்டுவிட்டு அவர் வரும்வரை காவல் நிற்பான். பாம்பைக் காவல் காப்பது பெரிய காரியமில்லை, அது மூலையில் சுருண்டு கிடக்கும். தடியோடு நிற்கிற பதினைந்து பேரைக் காவல் காப்பதுதான் பாடு. "சாரைக்கு விஷமில்ல" என்று அவன் நாலு தடவை சொல்வான். "வாலால அடிச்சா கை அழுகிடும்" என்று கூட்டம் ஐந்தாவது தடவை சொல்லும்.

காடு பார்க்கும் ஆசை வந்தால் சேஷாசலம். தலக்கோனை அருவி, மலை அணில், பாறை இடுக்கில் பொன்பல்லி என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புவான். அந்த மலை 2010-இலிருந்து உயிர்க்கோளக் காப்பகம். உலகத்தில் வேறெங்கும் தானாக இப்படி வளராத செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான் வளர்கிறது. அதை வெட்டிக் கடத்த எல்லை தாண்டி ஆட்கள் வருவதுண்டு. ஆகவே முதுகில் பெரிய பை, தலையில் விளக்கு, வாயில் தமிழ், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் காட்டுக்காவலர்கள் நிறுத்தாமல் விடமாட்டார்கள். பை கவிழ்க்கப்படும். இரண்டு பன், ஒரு ஜட்டி, ஒரு பறவைப் புத்தகம். பன்னுக்கும் ஜட்டிக்கும் கரையாத காவலர் புத்தகத்தைக் கண்டதும் குரலைத் தணித்து, "எங்க குவார்ட்டர்ஸ் பின்னாடி ராத்திரி ஒண்ணு கத்துது, அது இன்னா பறவைன்னு சொல்லு பார்க்கலாம்" என்பார். கத்தியும் காட்டுவார். பச்சைச் சட்டை பக்கியென்று அடையாளம் சொன்னால் டீ கிடைக்கும்.

மேலே பார்த்துக்கொண்டே நடப்பது இவன் தொழில் தர்மம். ஆகவே கரையில் சறுக்கி ஒரு தடவையாவது புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்ளாத பச்சைச் சட்டை கிடையாது. கட்டோடு படுத்திருக்கும் அந்த நாட்களில் வீட்டில் நடக்கும் உரையாடல் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

"பொண்ணு வீட்டுல கேட்டா பையன் இன்னா பண்றான்னு சொல்றது?"

"சேவைன்னு சொல்லும்மா."

"சேவை பண்ற பையனுக்கு இடியாப்பம்கூட யாரும் தரமாட்டாங்கடா."

பச்சைச் சட்டைப் பெண்களுக்கு இதைவிடக் கஷ்டம். பையன் ஏரிக்குப் போனால் வேலையில்லாதவன் என்பார்கள். பெண் போனால் யாரோடு போனாள் என்பார்கள். அவள் ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். ஆந்தைக் கணக்கெடுப்பு அவளுக்கு எப்போதும் மொட்டைமாடியில்தான். ஆனால் குழுவில் ஒழுங்காகத் தேதியும் நேரமும் போட்டுக் கணக்கு எழுதுகிறவள் அவள்தான். பையன்களின் குறிப்பேட்டில் கொக்கு 'நிறைய' என்று இருக்கும். அவள் குறிப்பேட்டில் 43 என்று இருக்கும்.

இந்தக் கும்பலுக்கு நிஜமான பாடம் கிடைப்பது சென்னையில். மாணவர்கள் சேர்ந்து 1988-இல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அங்கே இன்றுவரை நடக்கிறது. தை, மாசி, பங்குனி ராத்திரிகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள். பங்குனி ஆமை கரையேறிக் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேலும் கீழுமாக இட்டுவிட்டுப் போகும். நாயும் மனிதனும் கண்டுபிடிப்பதற்குள் அதை எடுத்து, வேலி கட்டிய பொரிப்பகத்தில் புதைக்க வேண்டும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு பொரித்தால் கடலில் விட வேண்டும். இவ்வளவுதான் வேலை. பல ராத்திரி நடந்து நடந்து ஒரு முட்டையும் கிடைக்காது.

நம் ஊர்க் கூட்டம் ஒரு தடவை போயிருந்தது. போனவுடன் முதல் அடி: வெளிச்சம் கூடாது. வெளிச்சம் பார்த்தால் ஆமை திரும்பிப் போய்விடும், குஞ்சு கடலை விட்டுத் தெருவிளக்கைப் பார்த்து நடக்கும். அதாவது செல்ஃபி கிடையாது. கையில் சுருட்டி வைத்திருந்த பேனரை இருட்டில் பிரித்து யாருக்குக் காட்டுவது? விடிய விடிய நடந்ததற்கு ஒரு படம்கூட இல்லாமல் ஊர் திரும்பினார்கள். ஊரில் யாரும் நம்பவில்லை. அன்றைக்குக் குழுவிலிருந்து சிலர் கழன்றுகொண்டார்கள். மீதி இருந்தவர்கள்தான் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்கள் அப்படி என்ன சாதித்துவிட்டார்கள் என்று கேட்டால், நட்ட மரத்தைக் காட்ட முடியாது. பொறுக்கிய குப்பை திரும்ப வந்துவிட்டது. சாதித்தது ஒன்றே ஒன்று: தொல்லை. ஏரியை யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிற தொல்லை. முன்பெல்லாம் ராத்திரி டிராக்டரில் ஏரிமண் அள்ளுகிறவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாட்டுப் போட்டு அள்ளுவான். இப்போது பாட்டை நிறுத்திவிட்டு, "அந்தப் பச்சைச் சட்டை கீறானா பாரு" என்று ஆளனுப்பிப் பார்த்துவிட்டு அள்ளுகிறான். சில ராத்திரி அள்ளாமலே போகிறான். 2021 நவம்பர் மழையில் திருப்பதிக்குப் பக்கத்து ராயலசெருவுக் கரை கசிந்து, கீழே இருந்த கிராமங்களைக் காலி பண்ண நேர்ந்ததே, அதற்கப்புறம் பெரியவர்களும் இந்தத் தொல்லையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்கிறார்கள்.

விநாயக சவிதிக் கமிட்டியிலும் அவன்தான் தொல்லை. ஏரியில் கரைக்கிற பிள்ளையார் மண்ணால்தான் இருக்க வேண்டும் என்றான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலை கூடாது என்று சொன்னதைப் படித்துக் காட்டினான். கமிட்டித் தலைவர் காதில் வாங்கவில்லை.

"மண்ணுல பன்னெண்டு அடி நிக்குமாடா?"

"நிக்காது மாமா. நாலு அடி வெப்போம்."

"பக்கத்து ஊர்ல பதினஞ்சு அடி. நாம நாலு அடின்னா நம்ம புள்ளையாருக்கு மரியாதை இன்னா?"

"காணிப்பாக்கத்துல புள்ளையார் எவ்ளோ உயரம் மாமா? கெணத்துத் தண்ணியில முக்கால்வாசி முழுகி உக்காந்துனு கீறாரு. வருஷா வருஷம் தானே வளர்றாருன்னு நீங்கதானே சொன்னீங்க? அவரு வளர்றதை அவரு பாத்துக்குவாரு, நாம எதுக்கு வளக்கணும்?"

தலைவர் பதில் தேடினார். சித்தூர் ஜில்லாவில் காணிப்பாக்கத்தாரை எதிர்த்து யார் பேச முடியும்? அந்த வருஷம் நாலு அடி மண் பிள்ளையார். மிச்சமான பணத்தில் கூடுதலாக ஒரு ஸ்பீக்கர் எடுத்தார்கள். புள்ளி ஆந்தைகள் மூன்று நாள் புளியமரத்துப் பக்கமே வரவில்லை. பச்சைச் சட்டை அதையும் குறித்துக்கொண்டான், அடுத்த வருஷத்துக்கு.

அடுத்த வருஷம் அவன் இருப்பானா என்பதுதான் கேள்வி. ஆஃபர் லெட்டர் ஒரு நாள் வந்தே தீரும். பெங்களூரோ சென்னையோ, ஏசி அறை, கழுத்தில் தொலைநோக்கி இருந்த இடத்தில் அடையாள அட்டை. போன மாதம் எங்கள் பக்கத்துப் பச்சைச் சட்டை ஒருவனுக்கு அப்படித்தான் வந்தது. ஊரே வாழ்த்தியது. அம்மா காணிப்பாக்கத்துக்கு வேண்டுதல் செலுத்தினார். சித்தப்பா "ஒழிஞ்சான்டா" என்று சந்தோஷமாகச் சொன்னார். தோப்பு மாமா மட்டும் பஸ் ஸ்டாண்டு வரை வந்து, பையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, இறங்காமலே நின்றார்.

"நீ போய்ட்டா உன் பதிலுக்கு யாரு?"

"கடைசித் தெரு அக்கா பொண்ணு பாத்துக்கும் மாமா. கணக்கெல்லாம் அதுதான் எழுதுது."

"அதுங்கிட்ட நான் எப்படிடா கத்தறது? பொண்ணாச்சே."

"கத்துங்க மாமா. அது உங்களைவிட நல்லா கத்தும்."

மாமா முகத்தில் அப்போதுதான் தெளிவு வந்தது. "அப்ப சரி" என்றார். "மா சீசன் வருதில்ல, கிளிக்குப் பதில் சொல்ல ஊர்ல ஒரு ஆளு வேணும்."